திங்கட்கிழமை டிக்கெட்

விமானத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வரும் இரண்டு பேரிடம், டிக்கெட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்புறம் இறங்கும்வரை ஒருத்தர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வருவார், இன்னொருத்தர் பல்லைக் கடித்துக்கொண்டு வருவார். ஒரே விமானம், ஒரே அகல சீட்டு, ஒரே தண்ணீர் பாட்டில். விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். ஏதோ மழை வெயில் மாதிரி இது தானாக நடக்கிறது என்று ஜனங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தானாக ஒன்றும் நடப்பதில்லை ஐயா. அதற்கென்று ஒரு ஆபீஸ் இருக்கிறது, அந்த ஆபீஸின் ஏழாவது மாடியில் ஒரு மேஜை இருக்கிறது, அந்த மேஜையில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் அவனைக் கட்டணக்காரன் என்று கூப்பிடுவார்கள்.

வேலை இதுதான். எழுபத்திரண்டு சீட்டு உள்ள விமானம். அந்தச் சீட்டுகளுக்குப் பத்து விலை, பத்துப் படி. கீழ்ப்படி மலிவு, மேல்படி கொள்ளை விலை. எந்த நாளைக்கு எந்தப் படியைத் திறப்பது, எதை மூடுவது என்று கம்ப்யூட்டர் யோசனை சொல்லும். அதைக் கேட்பதும் தள்ளுவதும் கட்டணக்காரன் இஷ்டம். மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் போதும், எங்கோ ஒரு ஊரில் யாரோ ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். அந்தத் தலை இவன் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால்தான் பதினொரு வருஷமாக இந்த வேலையை நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் பார்த்துக்கொண்ட விமானத் தடங்களில் ஒன்று, அவனுடைய அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன ஊருக்கு. பஸ்ஸில் போனால் பதினாலு மணி நேரம், அதுவும் குடலைப் பிடுங்கும் ரோடு. விமானத்தில் ஐம்பது நிமிஷம். ரொம்ப காலம் அந்த ஊருக்கு இவர்கள் கம்பெனி ஒன்றுதான் பறந்தது. கேட்க ஆளில்லை, வைத்ததுதான் விலை. அப்புறம் புதுசாக ஒரு சின்னக் கம்பெனி வந்தது. மொத்தமே நான்கு விமானம், எல்லாவற்றுக்கும் வாலில் பச்சைப் பெயின்ட். ஏழாவது மாடியில் அதற்குப் பச்சை வால் என்று பெயர் வைத்தார்கள். பச்சை வால் பாதி விலைக்கு டிக்கெட் விற்றது. உடனே இவர்களும் பாதி விலைக்கு இறங்கினார்கள். அது இன்னும் கொஞ்சம் இறங்கியது, இவர்கள் அதற்கும் கீழே இறங்கினார்கள். பெட்ரோல் காசுக்குக்கூடக் கட்டாது என்று எல்லாருக்கும் தெரியும். இவர்களிடம் நாற்பது விமானம், அங்கே நாலு. யார் முதலில் மூச்சுத் திணறுவார்கள் என்பதுதான் போட்டி.

அந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு பொற்காலம். பஸ் டிக்கெட்டுக்கு மேலே கொஞ்சம் போட்டால் விமானம்! அக்கா முதல் தடவை விமானம் ஏறியது அப்போதுதான். அவளுக்குத் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடைதான் முக்கால்வாசி. பத்து வருஷமாகச் சர்க்கரை, அது விழித்திரையில் போய் உட்கார்ந்துகொண்டது. நான்கு வாரத்துக்கு ஒரு தடவை கண்ணில் ஊசி போட்டாக வேண்டும். அந்த ஊசி போடுகிற டாக்டரம்மா இருந்தது தம்பி இருந்த நகரத்தில். கண்ணில் ஊசி என்றதும் இவன்தான் தன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். அக்கா அசரவில்லை. "துணி மாதிரிதான்டா, குத்தும்போது அசையக் கூடாது, அவ்வளவுதான்" என்று சிரித்தாள்.

அக்காவுக்கு வாய் ஓயாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் எடுத்தால் ஊர்ப் புராணம் முழுக்க வந்துவிடும். அப்படித்தான் ஒருநாள் சொன்னாள்.

"நான் மட்டும் இல்லடா தம்பி, இங்கேருந்து ஒரு கூட்டமே வருது. ஓய்வு பெற்ற வாத்தியாரம்மா ஒருத்தங்க, மரக்கடைக்காரர், அவரு சம்சாரம்... எல்லாருக்கும் செவ்வாய்க்கிழமைதான் ஊசி. ஒரு மருந்துக் குப்பியைப் பிரிச்சா அஞ்சாறு பேருக்குப் போடலாமாம். ஆள் சேர்ந்தாதான் பிரிப்பாங்களாம். அதனால வியாழக்கிழமை சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியிலேருந்து போன் வரும், 'வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க'ன்னு. அப்புறம் ஆளாளுக்கு டிக்கெட்டுக்கு ஓட்டம்! திங்கட்கிழமை விமானத்தைப் பார்த்தா சிரிப்பா இருக்கும். பாதிப் பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, சினிமாக்காரங்க மாதிரி."

கட்டணக்காரனும் சிரித்தான். அன்றைக்கு அது வெறும் சிரிப்புதான். அதில் வேறு ஒன்றும் இல்லை என்று சத்தியம் செய்யக்கூட அவன் தயார்.

பதினாலு மாதத்தில் பச்சை வால் மூட்டை கட்டியது. ஏழாவது மாடியில் கேக் வெட்டினார்கள். அடுத்த வாரமே தினசரி விமானத்தை வாரத்துக்கு மூன்றாகக் குறைத்தார்கள். அதற்கும் அடுத்த வாரம் மேலாளர் அம்மா எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். பொல்லாத மனுஷி இல்லை அவர். யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஞாபகம் வைத்து வாழ்த்துவார், யாரிடமும் சத்தம் போட்டுப் பேச மாட்டார். ஆனால் விட்ட நஷ்டத்தைப் பிடித்தாக வேண்டும் என்று அவர் தலைமேலும் ஒருத்தர் உட்கார்ந்திருந்தார்.

"இந்தத் தடத்துல எங்கே விலையை ஏத்தலாம்? திங்கட்கிழமை மட்டும் கடைசி மூணு நாள்ல ஒரு முப்பது டிக்கெட் போகுது. வாராவாரம். கம்ப்யூட்டருக்கும் புரியல, எனக்கும் புரியல. யார் இவங்க? வியாபாரிங்களா? அப்படின்னா ஏத்தினதும் வேற நாளுக்கு மாறிடுவாங்க. அதான் தொட பயமா இருக்கு" என்றார்.

எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கட்டணக்காரனுக்கு விடை தெரியும். பரீட்சையில் தனக்கு மட்டும் விடை தெரிந்த பிள்ளைக்குக் கை சும்மா இருக்குமா? அந்த அரிப்பு அவனையும் விடவில்லை.

"அவங்க வேற நாளுக்கு மாற மாட்டாங்க மேடம்" என்றான். "கண் ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க. செவ்வாய்க்கிழமைதான் ஊசி. வியாழக்கிழமை சாயங்காலம்தான் அவங்களுக்கே தகவல் வரும். முன்னாடி புக் பண்ண முடியாது. தள்ளிப்போடவும் முடியாது."

மேலாளர் அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு அவனையே பார்த்தார். "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்த ஊரைப் பத்திக் கொஞ்சம் தெரியும் மேடம்."

என் அக்காவும் அதில் ஒருத்தி என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பாராட்டில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று உள்ளுக்குள் ஏதோ ஒன்று அவன் வாயைப் பொத்தியது. சாயங்காலத்துக்குள் திங்கட்கிழமைக்குக் கீழ்ப்படி ஒன்பதையும் வியாழன் நண்பகலோடு மூடினான். மேல்படி ஒன்றுதான் பாக்கி. விலை மூன்று மடங்கு. பாதி விமானம் காலியாகப் போனாலும் கவலையில்லை, மீதிப் பாதி கொட்டிக் கொடுக்கும். கொடுத்தது. அந்த மாதம் அவனுக்குச் சிறந்த ஊழியர் என்று கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதம் ஒன்று கொடுத்தார்கள். அதைப் போனில் கேட்டு அக்கா பூரித்துப் போனாள்.

"எதுக்குடா கொடுத்தாங்க?"

"சும்மா... நல்லா வேலை பார்த்ததுக்கு."

"நீ சின்ன வயசுலேயே பொறுப்பான பிள்ளையாச்சே!"

அதற்கப்புறம் அக்கா வருவது நின்றது. முதல் மாதம், "சீருடை சீசன்டா, மூச்சு விட நேரமில்ல" என்றாள். அடுத்த மாதம், "டாக்டரம்மாவே போன்ல சொல்லிட்டாங்க, கொஞ்சம் இடைவெளி விட்டுப் போட்டுக்கலாமாம்" என்றாள். மூன்றாவது மாதம் கேட்பதற்கு முன்னாலேயே, "இப்பல்லாம் பளிச்சுன்னு தெரியுதுடா" என்றாள். டிக்கெட் நான் போடட்டுமா என்று இவன் ஒரு தடவை கேட்டான். "உன் காசுல நான் ஊசி போட்டுக்கணுமா? அவசியம்னா சொல்ல மாட்டேனா?" என்று அவள் வெட்டிவிட்டாள். சரி என்று விட்டுவிட்டான்.

விட்டுவிட்டானே, அங்கேதான் இருக்கிறது குற்றம். டாக்டர்கள் இடைவெளி விடச் சொல்வார்களா, மாட்டார்களா என்று ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கண் ஆஸ்பத்திரி அவன் வீட்டிலிருந்து இரண்டாவது சிக்னல். அக்கா பொய் சொல்லும்போது குரல் ஒரு சுதி மேலே போகும், அது அவனுக்குப் பால்குடி வயதிலிருந்து தெரியும். மேலே போனது அவன் காதில் விழத்தான் செய்தது. நம்புவது வசதியாக இருந்தது, நம்பினான்.

நான்காவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா போன் செய்தார். அக்காவின் புருஷன். பஸ் டிப்போவில் மெக்கானிக், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம்.

"மாப்ள, உங்க அக்கா மிஷின் ஊசியை விரல்ல இறக்கிட்டா."

"ஐயோ! எப்படி மாமா? முப்பது வருஷமாத் தைக்கிறாளே!"

"தெரிஞ்சாத்தானே மாப்ள. இடது கண்ணுல நடுவுல ஒரு கறுப்பு வட்டம் நிக்குதாம். ஒரு மாசமா எங்கிட்டயும் மறைச்சிருக்கா. மூணு ஊசி விட்டுப்போச்சு. டிக்கெட் விலையைப் பார்த்துட்டுப் போக மாட்டேன்னுட்டா. நாப்பது சட்டை தைச்சாதான் ஒரு டிக்கெட்டாம், அதுவும் போக மட்டும். விமானம் மலிவாகறதுக்கு முன்னாடி ஒரு தடவை பஸ்ல போயிட்டு வந்தாளே, நாலு நாள் கடையை மூட வேண்டியதாப் போச்சு, சர்க்கரை வேற ஏறிக்கிச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சு சத்தியம் வாங்கினா. நான் சத்தியத்தை மீறிட்டேன்."

கட்டணக்காரன் முகத்தில் ஈயாடவில்லை. போனை வைத்த கையோடு கம்ப்யூட்டரில் திங்கட்கிழமை விமானத்தைத் திறந்தான். எழுபத்திரண்டில் முப்பத்தெட்டு சீட்டு காலி. மேல்படி விலை. அவன் வைத்த விலை. தன் கார்டை எடுத்து அந்த விலையைத் தானே கொடுத்து அக்காவுக்கு ஒரு டிக்கெட் போட்டான். கீழ்ப்படிகளைத் திறக்கிற பொத்தான் அதே திரையில், ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அக்கா சொன்ன வாத்தியாரம்மாவும் மரக்கடைக்காரரும் நேற்று சாயங்காலம் அதே போனுக்குத்தான் காத்திருந்திருப்பார்கள். அதுவும் அவனுக்குத் தெரியும். திறந்தால் மேலாளர் அம்மா ஏன் என்று கேட்பார். சொல்ல வேண்டிவரும். திரையை மூடினான். தன் அக்காவுக்கு ஆகிவிட்டது அல்லவா, போதும் என்று இருந்தது அந்த மனசுக்கு. நல்ல மனசுதான், போங்கள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அக்காவின் கண்ணைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இடது கண்ணுல நடுப்பார்வை போயிடுச்சும்மா. அது இனிமே வராது. ஓரத்துல கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். வலது கண்ணைக் காப்பாத்திடலாம். ஆனா நாலு வாரத்துக்கு ஒரு ஊசி, ஒண்ணுகூட விடக் கூடாது. மூணு மாசம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?" என்றார். அக்கா, "வேலை ஜாஸ்தி டாக்டரம்மா" என்றாள். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊசி போட்டு முடிந்ததும் ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். நீளமான கூடம், சுவரோரம் இரும்பு நாற்காலிகள், கண்ணில் பஞ்சு ஒட்டிய ஜனங்கள். அக்கா அழவில்லை. சும்மா இருக்கவும் முடியாமல் பேச்சை ஆரம்பித்தாள்.

"ஏன்டா, நேத்து விமானத்துல எத்தனை சீட் காலின்னு நினைக்கிற? நான் எண்ணினேன். முப்பத்தாறு. எனக்குப் பக்கத்துல ஆளே இல்ல. வாத்தியாரம்மா வீட்டுல உட்கார்ந்திருக்காங்க, இங்க சீட் காத்து வாங்குது. காலியா போறதுக்கு அவங்களைப் பழைய விலைக்கு ஏத்திக்கிட்டா என்ன குறைஞ்சுபோகும்? எவன்டா அங்க உட்கார்ந்து விலை வைக்கிறான், கட்டைல போறவன்?"

இதற்குமேல் கட்டணக்காரனால் பூசி மெழுக முடியவில்லை.

"நான்தான் அக்கா."

"என்ன நான்தான்?"

"விலை வைக்கிறது. நான்தான் வைக்கிறேன். அதான் என் வேலை."

அக்கா சிரித்தாள். "போடா, நீ என்ன முதலாளியா?"

"முதலாளி இல்லக்கா. திங்கட்கிழமை யார் வர்றாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. நான்தான் சொன்னேன். ஊசிக்கு வர்றவங்க, வியாழக்கிழமை சாயங்காலம்தான் தெரியும், எவ்வளவு வச்சாலும் வந்துதான் ஆகணும்னு. அதுக்குத்தான் அந்தச் சட்டம் போட்ட காகிதம் கொடுத்தாங்க."

அக்காவின் சிரிப்பு உதட்டிலேயே நின்றது. பஞ்சு ஒட்டாத கண்ணால் அவனைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை விஷயம் நான் சொன்னதுதானே?"

"ஆமாக்கா."

"கறுப்புக் கண்ணாடின்னு சொல்லிச் சிரிச்சோமே, அன்னிக்கு?"

"ஆமா."

"வாத்தியாரம்மா எங்கிட்ட வந்து கேட்டாங்கடா. 'உன் தம்பி அந்தக் கம்பெனியிலதானே இருக்கான், ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்'னு. நான் சொன்னேன், அவன் சின்ன உத்தியோகம், அவன் கையில என்னம்மா இருக்கு, அவனைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு. மூணு தடவை கேட்டாங்க. மூணு தடவையும் அதையே சொன்னேன்." அவள் குரல் இப்போது சுதி ஏறவில்லை, இறங்கியிருந்தது. "என் கண்ணு போனது போகட்டும்டா. எனக்குச் சர்க்கரை, எப்படியும் போயிருக்கும்னு வச்சுக்கலாம். அந்தம்மா வாசல்ல நான் எப்படிப் போய் நிப்பேன்? ஊரையே காட்டிக் கொடுத்தது என் வாய்தானே?"

"நீ என்னக்கா பண்ணின? தப்பு என்னுது."

"உன்னுதுதான். உன்னுது இல்லன்னு நான் சொல்லல" என்றாள் அக்கா. "உன்கிட்ட சொன்னது என்னுது."

அவன் அவள் கையைப் பிடித்தான். விரலில் ஊசி இறங்கிய இடத்தில் துணிக்கட்டு இருந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

அன்று மத்தியானமே ஆபீஸ் போய்த் திங்கட்கிழமைக்கு எல்லாப் படிகளையும் திறந்துவிட்டான். இரண்டு வாரம் திறந்திருந்தது. முதல் வாரம் நாற்பத்தைந்து பேர் வந்தார்கள், இரண்டாவது வாரம் அறுபது. அதற்குள் மேலாளர் அம்மா கூப்பிட்டுவிட்டார். அவன் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் கோபப்படவில்லை. மனம் கலங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே. உங்க அக்காவுக்கு மாசாமாசம் நானே ஏற்பாடு பண்றேன். ஆனா ஒரு ஊருக்கே எப்படிங்க பண்ண முடியும்?" என்றார். அடுத்த வாரம் அந்தத் தடத்தை வேறொரு மேஜைக்கு மாற்றினார்கள். அந்த மேஜைக்காரனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழைய குறிப்பில் எல்லாம் விளக்கமாக எழுதியிருந்தது, இவன் கையாலேயே. வியாழன் நண்பகலோடு கீழ்ப்படிகள் மூடின.

வேலையை விட்டானா என்று கேட்கிறீர்களா? விடவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு இருக்கிறது. இப்படி எல்லாருக்கும் ஏதாவது இருக்கத்தான் செய்கிறது.

மேலாளர் அம்மாவின் டிக்கெட்டை அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். தம்பி போடுகிற டிக்கெட்டும் வேண்டாம். மாமா டிப்போவில் சொல்லி ஒரு பழைய வேனை வாடகைக்குப் பிடித்தார். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை வாத்தியாரம்மா, மரக்கடைக்காரர், அவர் சம்சாரம், அக்கா எல்லாரும் பதினாலு மணி நேரம் குலுங்கிக்கொண்டு வந்து ஊசி போட்டுக்கொண்டு, பதினாலு மணி நேரம் குலுங்கிக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். வாத்தியாரம்மாவிடம் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அந்தம்மா என்ன சொன்னார் என்று அக்கா இவனிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கூடத்தில் இவன் வந்து நின்றால், எல்லாரும் வழக்கம்போல நலம் விசாரிக்கிறார்கள். அதற்குமேல் ஒருத்தரும் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் நிற்கவில்லை. அக்கா தவறாமல் கூப்பிடுகிறாள். "சாப்பிட்டியா? பிள்ளைங்க நல்லா இருக்காங்களா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். வைக்கட்டுமா?" ஒரு மணி நேரம் ஓடிய பேச்சு இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. ஏதாவது சொல்லேன் அக்கா என்று இவன் கெஞ்சிப் பார்ப்பான். "சொல்ல என்னடா இருக்கு?" என்பாள்.

போன வாரம் அவளையும் மீறி வாய் பழைய வழக்கத்துக்குப் போய்விட்டது.

"இங்க ஒரே அமர்க்களம்டா. அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி அரசாங்கப் பரீட்சையாம், நம்ம ஊர்ப் பிள்ளைங்க நூறு பேருக்கு மேல அங்க..."

சட்டென்று நிறுத்தினாள். அந்தப் பக்கம் தையல் மிஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

"ஒண்ணுமில்ல தம்பி. விடு" என்றாள்.

"என்கிட்ட சொன்னா என்னக்கா? நான் இப்ப அந்தத் தடமே பார்க்கிறதில்லையே" என்றான் அவன். சொல்லும்போது குரல் உடைந்தது. அவ்வளவு நம்பிக்கைகூட இல்லையா என்று அழுகையே வந்துவிட்டது.

"தெரியும்டா. இருந்தாலும் விடு" என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.

அவள் நிறுத்தியது சரிதான். பதினெட்டு சனிக்கிழமை வருகிறது, பதினேழாம் தேதி காலை விமானத்தில் எழுபத்திரண்டு சீட்டு, பரீட்சைக்குப் போகிறவர்கள் தேதியை மாற்ற மாட்டார்கள். அவள் வார்த்தையை முழுங்குவதற்குள் அவன் கணக்குப் போட்டு முடித்திருந்தான்.